கீரைக்கும் குருதிக்கும் நடுவே

இலக்கியம் பேசும் இடத்தில் உயிர்ச்சத்துக்கும் மரபணுவுக்கும் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லை என்பதைத்தான் நாம் கதைகளிலும் கவிதைகளிலும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த வேற்றுமை மனத்தோடு நிற்பதில்லை, சிறுகுடலின் உட்சுவர் வரை போகிறது என்று அறிவியல் சொல்லும்போது மட்டும் அது நமக்குத் தொடர்பற்ற செய்தியாகிவிடுமா என்ன? தவிரவும், இதில் குழந்தைகளின் கண்ணும் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. பள்ளிக் குழந்தையின் தட்டில் முட்டை வைக்கலாமா கூடாதா என்று இந்த நாட்டில் இன்னமும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கில் அதிகம் பேர் கூண்டுக்கு அழைக்காத ஒரு சாட்சி உண்டு. அதை அழைக்கவே இக்கட்டுரை.

கீரையிலும் கேரட்டிலும் மாம்பழத்திலும் வைட்டமின் ஏ இருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். கறாராகச் சொன்னால், இல்லை. அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின் என்னும் மஞ்சள் நிறமி. கீரையில் அந்த மஞ்சள் பச்சையத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடலுக்குள் போய் அது இரண்டாக வெட்டப்பட்டால்தான் வைட்டமின் ஏ ஆகும். கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் 1930இல் எலிகளைக் கொண்டு இதை நிறுவினார். கரோட்டினைத் தின்ற எலியின் கல்லீரலில் வைட்டமின் ஏ சேர்ந்திருந்தது. முட்டையின் மஞ்சட்கரு, பால், நெய், ஈரல், மீன் ஆகியவற்றில் இருப்பது வேறு வடிவம். ரெட்டினால் என்று பெயர். வெட்டும் வேலையை நமக்கு முன்பே வேறு உயிர்கள் செய்து முடித்துவிட்ட, ஆயத்த நிலையில் உள்ள வைட்டமின் அது.

பூனைக்கு இந்த வெட்டும் திறன் ஏறத்தாழ இல்லவே இல்லை. (வளர்ப்புப் பூனையைச் சைவமாக்க விரும்பும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) எலிக்கு அது தாராளமாக உண்டு. மனிதன் இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறான். எல்லா மனிதரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதே நம் பேச்சு.

வெட்டும் கத்தி ஒரு நொதி. அதைச் செய்வதற்கான குறிப்பு நம் 16ஆம் குரோமோசோமில், பிசிஓ1 என்று இன்று அழைக்கப்படும் மரபணுவில் இருக்கிறது. நொதியை அமினோ அமிலங்கள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்வோம். அந்த மாலையின் 267ஆம் மணி சிலருக்கு ஆர்ஜினைனுக்குப் பதிலாகச் செரைன். 379ஆம் மணி சிலருக்கு அலனைனுக்குப் பதிலாக வாலைன். ஐந்நூற்றுச் சொச்சம் மணிகளில் ஒன்றிரண்டு மாறினால் என்ன என்று தோன்றும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கியோர்க் லீட்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை சொன்னது. 379ஆம் மணி மாறியிருந்த பெண்களின் உடல், கரோட்டினை வைட்டமின் ஏ ஆக்கும் திறனில் 32 விழுக்காடு பின்தங்கியிருந்தது. இரண்டு மாற்றங்களையும் சேர்த்துக் கொண்டிருந்தவர்களிடம் அந்த வீழ்ச்சி 69 விழுக்காடு. ஒரே அளவு கரோட்டின்தான் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. சிறிய ஆய்வுதான், பெண்களிடம் மட்டும் செய்யப்பட்டது. ஆகவே அந்த விழுக்காடுகளை அப்படியே பெயர்த்து நம் ஊரில் நட்டுவிடக் கூடாது. ஆனால் இம்மாற்றங்கள் லட்சத்தில் ஒருவருக்கு வரும் விபத்துகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆராயப்பட்ட மரபணுப் படிகளில் முதல் மாற்றம் 42 விழுக்காட்டிலும் இரண்டாவது 24 விழுக்காட்டிலும் காணப்பட்டது. நோய் என்று பெயர் வைக்க முடியாத அளவுக்கு இது சாதாரணம்.

நோயாகவே முற்றிய நிலையும் பதிவாகியிருக்கிறது. 2007இல் விவரிக்கப்பட்ட ஒருவருக்கு, இதே நொதியின் 170ஆம் மணியில் மாற்றம். இரத்தத்தில் கரோட்டின் மிகுந்து கிடந்தது, வைட்டமின் ஏ குறைந்து கிடந்தது. களஞ்சியம் நிறைய நெல், உலையில் அரிசி இல்லை என்பது போன்ற நிலை. இரத்தத்தில் கரோட்டின் தேங்கினால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சள் பூக்கும். பொன்னாங்கண்ணி என்ற பெயரை ‘பொன் ஆம் காண் நீ’ என்று பிரித்து, அதைத் தின்றால் மேனி பொன்னாகும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மேனி பொன்னாவது எப்போதும் நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இந்தக் கத்திக்கு ஒரு காவலாளியும் உண்டு. உடலில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருக்கும்போது ஐஎஸ்எக்ஸ் என்ற புரதம் எழுந்து, கரோட்டினை உள்ளே விடும் வாயிலையும் அதை வெட்டும் கத்தியையும் ஒருசேர அடக்கிவிடுகிறது. எவ்வளவு கேரட் தின்றாலும் வைட்டமின் ஏ நஞ்சாக மாறாததற்கு இதுவே முக்கியக் காரணம். ஆயத்த ரெட்டினாலுக்கு இந்தக் காவல் கிடையாது. 1597இல் ஆர்க்டிக் பனியில் சிக்கிய பாரென்ட்ஸ் குழுவினர் வெண்கரடியின் ஈரலைத் தின்று, தோல் உரிந்து, சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியதை அவர்களில் ஒருவரான கெரிட் டி வீர் எழுதிவைத்திருக்கிறார்.

இனி, எண்களுக்கு வருவோம். அரசியல் அங்கேதான் இருக்கிறது. உணவில் உள்ள 6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமம் என்று உலக நிறுவனங்கள் நெடுங்காலம் கணக்கிட்டு வந்தன. 1995இல் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்களுக்கு நாள்தோறும் கரும்பச்சைக் கீரை கொடுத்துப் பார்த்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. அவர்களின் வைட்டமின் ஏ நிலை உயரவில்லை. அதே கரோட்டினைச் செறிவூட்டிய தின்பண்டமாகக் கொடுத்தபோது உயர்ந்தது. கீரையின் செல்களுக்குள் கரோட்டின் இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. 2001இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 6 என்பதை 12 ஆக்கியது. ஒரு கையெழுத்தில் உலகத்துக் கீரைகளின் மதிப்பு பாதியாகிவிட்டது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010இல் 8 என்று வைத்துக்கொண்டது. 6, 8, 12 என்று இவர்கள் பேரம் பேசுவதைப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. இது ஒற்றை எண்ணே அன்று. ஒரு பரப்பு. ஒருவருக்கு 6, அவருடைய கூடப் பிறந்தவருக்கு 20 என்று இருக்கலாம். அந்தப் பரப்பைச் சுருட்டி ஓர் எண்ணுக்குள் அடைத்து, அதைக் கொண்டு சத்துணவுப் பட்டியல் போடுகிறோம்.

பரிந்துரை அளவுகளை வகுப்பவர்கள் மூடர்கள் அல்லர். சராசரித் தேவைக்கு மேலே ஒரு பாதுகாப்பு இடைவெளி வைத்து, நூற்றுக்கு 97 பேருக்காவது போதுமாறு பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளி ‘எவ்வளவு தேவை’ என்ற கேள்விக்கு வைக்கப்பட்டது. ‘தின்றதில் எவ்வளவு தேறும்’ என்ற கேள்விக்கு 12 என்ற தனி எண்தான் பதில். விளைவு என்னவென்றால், அறிவுரை கேட்டுக் கீரை கொடுத்த தாயின் பிள்ளைக்கும் மாலைக்கண் வரும்போது, ‘நீ ஒழுங்காகக் கொடுத்திருக்கமாட்டாய்’ என்று அவளை நோக்கி விரல் நீள்கிறது. சுகாதாரச் சுவரொட்டிகளின் மொழியில் இந்தக் குற்றச்சாட்டு எப்போதும் மறைந்து நிற்கிறது. ஒரே சட்டியிலிருந்து ஒரே அகப்பையால் பரிமாறினாலும், ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளின் குருதியில் ஒரே அளவு போய்ச் சேர்வதில்லை என்பது அந்தச் சுவரொட்டிகளில் இடம்பெறுவதே இல்லை.

ஏனைய வைட்டமின்களைப் பற்றி விரித்துப் பேசினால் கட்டுரை நீளும். வைட்டமின் ஈ-யைக் கல்லீரலில் பொறுக்கியெடுத்து இரத்தத்தில் ஏற்றிவிடும் புரதம் பழுதானவர்களுக்கு, தின்பது எவ்வளவாயினும் நடை தள்ளாடும். ஜப்பானின் ஹச்சிஜோ தீவிலும் துனீசியாவிலும் அத்தகைய குடும்பங்கள் கண்டறியப்பட்டன. சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12-ஐப் பற்றி இழுக்கும் ஏற்பி பழுதானால் வரும் சோகையை 1960இல் நார்வேயின் ஓல்கா இமர்ஸ்லண்டும் பின்லாந்தின் ரால்ஃப் கிராஸ்பெக்கும் விவரித்தார்கள். அவர்களுக்கு ஊசியில் பி12 ஏற்றினால் போதும், நோய் தணியும். வைட்டமின் சி-யை உடலே செய்துகொள்ளும் மரபணுவையோ நம் குரங்கு மூதாதையர் என்றோ தொலைத்துவிட்டனர். அந்த ஓர் இழப்பில் மட்டும் மனிதகுலம் முழுவதும் சமம்.

வேற்றுமை பற்றிய இந்தச் சிந்தனைக்கு ஒரு சுவையான குடும்ப வரலாறு இருக்கிறது. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகளின் மக்களாகச் சென்னை மாகாணத்தில் இரு சகோதரர்கள் பிறந்தனர். மூத்தவர் ராபர்ட் வில்லியம்ஸ், 1886இல் நெல்லூரில். இளையவர் ரோஜர் வில்லியம்ஸ், 1893இல் உதகமண்டலத்தில். ராபர்ட் மணிலாவில் அரிசித் தவிட்டைக் காய்ச்சி வடித்துப் பெரிபெரிக்கு மருந்து தேடத் தொடங்கி, 1936இல் தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தார். எல்லா மனிதருக்கும் பொதுவான ஒன்றைக் கண்டவர் அவர். தம்பி பான்டோதெனிக் அமிலத்தைக் கண்டுபிடித்தவர். ஃபோலிக் அமிலத்துக்கு இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயரிட்ட குழுவிலும் இருந்தார். ஆனால் அவரைப் பிடித்து ஆட்டியது வேறு கேள்வி: ஒரே சத்து ஏன் ஒருவருக்குப் போதுமாக இருக்கிறது, இன்னொருவருக்குப் போதவில்லை? 1956இல் உயிர்வேதியியல் தனித்தன்மை பற்றி ஒரு நூலே எழுதினார். இரைப்பையின் வடிவத்திலிருந்து நொதிகளின் அளவு வரை ‘சராசரி மனிதன்’ என்று ஒருவன் எங்கும் இல்லை என்பது அதன் வாதம். லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரோட் 1902இலேயே வேதியியல் தனித்தன்மை என்ற சொல்லை ஆண்டிருந்தாலும், அதைச் சோற்றுத் தட்டுக்குக் கொண்டுவந்தவர் ஊட்டியில் பிறந்த இந்த மனிதரே என்று நாம் கருதுகிறோம்.

நல்ல கருத்துகளுக்கு நேர்வதே இதற்கும் நேர்ந்தது. கடைக்காரன் கைக்குப் போயிற்று. ‘உங்கள் மரபணுவைச் சொல்லுங்கள், உங்களுக்கான மாத்திரையைச் சொல்கிறோம்’ என்ற வணிகம் 2000களில் இணையத்தில் முளைத்தது. 2006 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு காரியம் செய்தது. 14 கற்பனை வாடிக்கையாளர்களை உருவாக்கி, இத்தகைய 4 இணையதளங்களுக்கு மாதிரிகளை அனுப்பியது. அவற்றில் 12 மாதிரிகள் 9 மாதப் பெண் குழந்தை ஒன்றினுடையவை. மீதி இரண்டு 48 வயது ஆண் ஒருவருடையவை. வயது, உணவுப் பழக்கம், புகைப் பழக்கம் ஆகியவற்றை மட்டும் விதவிதமாக இட்டுக்கட்டி எழுதினார்கள். வந்த அறிவுரைகள் அந்தக் கற்பனை விவரங்களைத்தான் எதிரொலித்தன. மரபணுவுக்கென்றே தயாரித்ததாகச் சொல்லப்பட்ட மாத்திரைகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டாலர் கேட்டார்கள். அதே சத்துகள் சாதாரணக் கடையில் ஏறத்தாழ 35 டாலருக்குக் கிடைத்தன. கதையாக எழுதியிருந்தால் மிகை என்று வாசகர்கள் தள்ளியிருப்பார்கள்.

பணம் போவது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. கீரையில் சாதுவாக இருந்த அதே பொருள்தான். எனக்கு அது குறைவு, ஆகவே நான் கூடுதலாக விழுங்குவேன் என்ற கணக்கு உடலுக்குள் அத்தனை நேராக ஓடுவதில்லை.

இன்னொரு திசையிலிருந்தும் மரபணுவின் பெயரை இப்போது அடிக்கடி கேட்கிறோம். ‘நம் முன்னோர் உண்டதே நம் மரபணுவுக்கு ஏற்றது’ என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இந்தக் கத்தி வேறு வேறு கூர்மையோடு இருக்கும்போது, எந்த முன்னோர், யாருடைய மரபணு? தவிர, அந்த முன்னோரின் பிள்ளைகளில் எத்தனை பேர் மாலைக்கண்ணோடு வளர்ந்தார்கள், எத்தனை பேர் வளராமலே போனார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டாமா? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளத் தடையில்லை. கீரையை வேகவைத்து, மத்தால் கடைந்து, நல்லெண்ணெய் விட்டுத் தாளிக்கும் வழக்கம் அருமையான வழக்கம். வேகும்போதும் மசியும்போதும் செல்லின் பூட்டு உடைகிறது. எண்ணெயில் கரோட்டின் கரைகிறது. எண்ணெய் வாங்க வழியில்லாத வீட்டில், குடலில் புழுவோடு வாழும் பிள்ளைக்கு, கத்தி எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை. வறுமையின் பங்கு மரபணுவின் பங்கைவிடப் பெரிது. மரபணுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பேசுவது நமக்கு உவப்பாயில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? ஒவ்வொரு பிள்ளைக்கும் சோதனைக் குழாயா? வேண்டாம். திருச்சி மாவட்டத்தில் நடந்ததைப் பார்ப்போம். மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்து 1990இல் வெளியிட்டனர். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவில், உணவில் கிடைத்திருக்க வேண்டிய அளவை ஒட்டி, ஆயத்த வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. ஓராண்டில் அவர்களிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. யாருடைய மரபணுவையும் யாரும் பார்க்கவில்லை. பார்க்க அன்று வழியும் இல்லை. ரெட்டினாலாகவே கொடுத்ததால் அந்தக் கத்தியின் கூர்மை பற்றிய கேள்வியே எழவில்லை. கூரானவர்களும் மழுங்கியவர்களும் ஒரே வாசலில் நுழைந்தார்கள். பின்னாளில் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம், ஆறு மாதத்துக்கொருமுறை பேரளவில் கொடுத்து நடத்திய ஆய்வு 2013இல் வெளியானபோது, இறப்பில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் காரணங்களைப் பற்றி நிபுணர்கள் சண்டையிட்டார்கள். நமக்கு இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் தோன்றுவது, வெள்ளமாக எப்போதோ ஒருமுறை வருவதைவிட, சோறு போலச் சிறிது சிறிதாக அடிக்கடி வருவதே மேல் என்பதுதான்.

சிறிது சிறிதாக, அடிக்கடி, ஆயத்த வடிவில். இம்மூன்றும் கூடிய பண்டம் முட்டை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 80 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ உண்டு. அமெரிக்க அளவுகோலின்படி 4 முதல் 8 வயதுவரையிலான குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவே. ஆனால் எந்த மரபணுவையும் அனுமதி கேட்காமல் உள்ளே போகிற ஐந்தில் ஒரு பங்கு. தமிழகச் சத்துணவில் 1989இல் வந்த முட்டை இன்று பள்ளி நாள்தோறும் தட்டில் இருக்கிறது. 2015இல் மத்தியப் பிரதேச அரசு பழங்குடி மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கும் திட்டத்தை மறுத்தது. 2021இல் கர்நாடகத்தின் வட மாவட்டங்களில் முட்டை வந்தபோது சில மடங்கள் எதிர்த்தன. ‘கீரையில் இல்லாத சத்தா? பருப்பில் இல்லாத சத்தா?’ என்பதே இத்தகைய எதிர்ப்புகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி. கீரையில் இருக்கிறது ஐயா, இல்லை என்று யார் சொன்னார்கள்? அது எல்லாப் பிள்ளைகளின் குருதிக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் செய்தி. முட்டை வேண்டாம் என்போர் தம் பிள்ளைக்கு அதை மறுக்கும் உரிமை உடையவர்கள். அடுத்த பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

முட்டை உண்ணாத பிள்ளைகளுக்குத் தமிழகப் பள்ளிகளில் வாழைப்பழம் கொடுக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்வது. ஆனால் சாதாரண வாழைப்பழத்தில் வைட்டமின் ஏ ஏறத்தாழ இல்லை. நேந்திரத்தில் கரோட்டின் சற்றுக் கூடுதல்; அதுவும் கடைசியில் அதே கத்தியிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வாழைப்பழத்துக்குப் பதிலாக ஒரு தம்ளர் பால் கொடுத்தால், முட்டையில் கிடைப்பதற்கு ஏறத்தாழ நிகரான ஆயத்த வைட்டமின் கிடைத்துவிடும். கொழுப்பெடுத்த பால் உதவாது; தனியே சேர்த்தாலொழிய, வைட்டமின் கொழுப்போடு போய்விடும். ஏடு படிகிற பாலாக இருக்க வேண்டும்.